கம்பளியும் கல்லறையும் தண்ணீரும்: இங்கிலாந்தின் ஹாவர்த் பங்கு



நமது பங்கின் வரலாற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் வாசிப்பீர்கள். கோவில் கட்டிய கதை, மணி வந்த கதை, பங்குத்தந்தையரின் வரிசை யாவும் அங்கே முறையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. நாம் இங்கே கடல் கடந்த வேறொரு பங்கைப் பற்றி எழுத முற்படுகிறோம். இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷர் மாநிலத்து மலைச்சரிவில் இருக்கும் ஹாவர்த் என்பது அதன் பெயர். அது நம் சபைப் பங்கு அன்று. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. இருப்பினும் ஒரு பங்கின் வரலாறு எங்கே எழுதப்படுகிறது என்ற கேள்விக்கு அதைப்போல் தெளிவான விடை தரும் பங்கு நாம் வாசித்தறிந்தவரை வேறில்லை. எனவே எடுத்துக்கொண்டோம்.

இலக்கியம் பயின்றோர் ஹாவர்த் என்றவுடன் சார்லட், எமிலி, ஆன் என்னும் பிராண்டே சகோதரிகள் மூவரையும் நினைப்பார்கள். 'ஜேன் அயர்', 'உதரிங் ஹைட்ஸ்' ஆகிய நாவல்கள் 1847-ல் அவ்வூர்க் குருமனையிலிருந்துதான் வெளிவந்தன. அப்புகழ் நியாயமானதே. ஆனால் அப்புகழின் வெளிச்சத்தில் அப்பெண்களின் தந்தையும், அவர் 41 ஆண்டுகள் பணியாற்றிய பங்கின் மக்களும் மறைந்து போனார்கள். வாசகர்கள் பலர் ஹாவர்த்தைக் காற்று வீசும் தனிமையான மலைக்காடு என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் அது புகை கக்கிய தொழிலூர். ஊருக்கு மேலே புதர் படர்ந்த மேட்டு நிலம், கீழே பள்ளத்தாக்கில் ஓடைக்கரை நெடுகிலும் ஆலைகள், நடுவே செங்குத்தான தெருவின் இருமருங்கிலும் கல்வீடுகள். அவ்வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு பட்டறை.

அங்கே என்ன தொழில் என்று கேட்பீர்கள். கம்பளித் தொழில்தான். அதிலும் வொர்ஸ்டெட் என்னும் மெல்லிய, வழவழப்பான துணி. நீண்ட இழையுள்ள ஆட்டு உரோமத்தை முதலில் கழுவி, எண்ணெய் பூசி, இரும்புப் பற்களையுடைய கனத்த சீப்பால் சீவ வேண்டும். குட்டை இழைகள் கழிந்து நீண்ட இழைகள் ஒரே சீராகக் கிடந்தால்தான் நூல் வழுவழுப்பாக வரும். சீப்பு சூடாக இருந்தால்தான் உரோமம் இளகும். ஆகவே சீவுகிறவன் வீட்டில் கரியடுப்பு இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். சூடு வெளியேறக் கூடாதென்று சன்னல்களை அடைத்திருப்பார்கள். அதே அறையில்தான் குடும்பம் சமைத்து உண்டது. பல வீடுகளில் அதே அறையில்தான் உறங்கியது. கரிப்புகையும் எண்ணெய் வாடையும் உரோமத் தூசியும் கலந்த காற்றைத்தான் பிறந்த குழந்தையும் சுவாசித்தது. நூற்பு வேலை முன்னரே ஆலைக்குப் போய்விட்டது. தறி வேலையும் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சீவும் வேலை மட்டும் கையில் நின்றது. 1825-ல் அருகிலுள்ள பிராட்ஃபோர்டு வட்டாரத்தில் கம்பளி சீவுவோரும் நெசவாளரும் கூலிக்காக 23 வாரம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1840-களிலும் 50-களிலும் சீவும் இயந்திரம் வந்ததும் அந்தக் கைத்தொழிலும் மறைந்தது.

அப்பங்கின் திருச்சபை நிலையையும் சொல்ல வேண்டும். ஹாவர்த் தனிப் பங்கு அன்று. பிராட்ஃபோர்டின் கிளைப் பங்கு. அங்கிருந்த குருவுக்கு நிரந்தர உதவிக்குரு என்ற பட்டம்தான். ஆனால் ஊர்ப் பெரியவர்களான தருமகர்த்தாக்கள் தங்கள் சம்மதமின்றிக் குரு வரக்கூடாது என்று பழைய உரிமை ஒன்றைப் பற்றிக்கொண்டிருந்தார்கள். 1742 முதல் 1763 வரை அங்கிருந்த வில்லியம் கிரிம்ஷா புகழ்பெற்ற பிரசங்கியார். பூசை வேளையில் மதுக்கடையில் இருப்போரைச் சாட்டையோடு சென்று கோவிலுக்கு ஓட்டி வருவார் என்பது செவிவழிக் கதை. (இக்காலத்தில் எவரும் முயல வேண்டாம்.) 1819-ல் தங்களைக் கேளாமல் பிராட்ஃபோர்டு பங்குக்குரு ஒருவரை நியமித்தபோது மக்கள் பொறுக்கவில்லை. முதல் ஞாயிறு வழிபாட்டின் நடுவே எழுந்து மரக்காலணிகள் தடதடக்க வெளியேறினார்கள். அடுத்த ஞாயிறு ஒருவனைக் கழுதையின் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்து, தலையில் தொப்பிகளை அடுக்கி, கோவிலுக்குள்ளேயே ஓட்டி வந்தார்கள். கரி பூசிய புகைக்கூண்டுக்காரன் ஒருவனைப் பிரசங்க மேடையேற்றியது மூன்றாம் ஞாயிறு. எலிசபெத் கஸ்கெல் அம்மையார் தாம் எழுதிய சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றில் இதையெல்லாம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். சற்று மிகைப்படுத்தினார் என்பாரும் உண்டு. எப்படியாயினும் வந்த குரு திரும்பிப் போனார்.

அந்த ஊருக்குத்தான் 1820-ல் பேட்ரிக் பிராண்டே வந்து சேர்ந்தார். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1777 மார்ச் 17 அன்று பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். கொல்லுப் பட்டறையிலும் தறியிலும் வேலை பழகி, பின்பு பள்ளி ஆசிரியராகி, 25 வயதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சேர்ந்து குருவானவர். தறியில் கைபழகிய ஒருவர் நெசவாளர் ஊருக்குக் குருவாக வந்தது நல்ல பொருத்தமே. மனைவி மரியாவும் ஆறு பிள்ளைகளும் உடன் வந்தார்கள். 1821-ல் மனைவி மரித்தார். 1825-ல் மூத்த பெண்கள் இருவரும், 11 வயதும் 10 வயதுமாக, ஆறு வார இடைவெளியில் காசநோயால் மரித்தார்கள்.

அவர் அரசியலில் பழமைவாதி. ஆனால் பங்கு மக்களின் வயிற்றைத் தொட்ட விஷயங்களில் கட்சி பார்க்கவில்லை. 1832-ல் ஞாயிறு பள்ளி கட்டினார். 1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டம் உதவி கேட்டு வந்த கணவனையும் மனைவியையும் பிரித்துத் தனித்தனி விடுதியில் அடைத்தது. 1837-ல் ஹாவர்த்தில் அதை எதிர்த்துக் கூடிய கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கினார். கத்தோலிக்கருக்குக் குடியுரிமைகள் வழங்கும் சட்டம் 1829-ல் விவாதிக்கப்பட்டபோது, சில கட்டுப்பாடுகளோடு வழங்கலாம் என்று செய்தித்தாளில் எழுதினார். அவர் சபைக் குருக்களில் பெரும்பாலோர் அதை வன்மையாக எதிர்த்த நாள் அது. நாம் அவரை வாசிக்க அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை.

இனி அடக்கப் பதிவேட்டுக்கு வருவோம். 1813 முதல் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் கோவில்களில் அச்சிட்ட பதிவேடு கட்டாயமாயிற்று. இறந்தவர் பெயர், குடியிருப்பு, அடக்க நாள், வயது, அடக்கம் செய்த குருவின் கையொப்பம் எனக் கட்டம் கட்டமாக இருக்கும். பதிவேடு எழுதுகிற எந்தக் குருவுக்கும் தெரியும்: எழுதும்போது கட்டங்களை நிரப்புகிறோம், கூட்டிப் பார்ப்பதில்லை. பேட்ரிக் பிராண்டே கூட்டிப் பார்த்தார். 1844-ல் லீட்ஸ் நகரச் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் ஹாவர்த்துக்கு வந்தபின் ஆடையில் தீப்பற்றி இறந்த குழந்தைகள் தொண்ணூறு முதல் நூறு பேருக்குத் தாமே அடக்கச் சடங்கு நடத்தியிருப்பதாக அதில் குறிப்பிட்டார். அடுப்பு எப்போதும் எரியும் வீடுகள். பருத்தியும் லினனும் எளிதில் பற்றும். ஆகவே பிள்ளைகளுக்குக் கம்பளியோ பட்டோ உடுத்துங்கள் என்பது அவர் வேண்டுகோள். தம் குருமனையில் சன்னல் திரை போடவும் அவர் விரும்பவில்லை. அவரைப் பற்றி எழுதிய சிலர் இதையெல்லாம் கிழவரின் விசித்திரக் குணம் என்று எள்ளினார்கள். நூறு குழந்தைகளை அடக்கம் செய்த கைக்கு அது விசித்திரமாகத் தோன்றியிருக்குமா?

முதலிலேயே அவர் அப்படி இருந்தார் என்று சொல்ல முடியாது. 1824 செப்டம்பரில் ஊருக்கு மேலேயிருந்த சதுப்புநிலம் பெருமழையில் வெடித்துச் சேறும் பாறையுமாக இறங்கியது. அதை நிலநடுக்கம் என்று கொண்டு, இறைவனின் எச்சரிக்கையாகப் பிரசங்கம் செய்து அச்சிட்டும் வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழித்து அதே குரு தண்ணீர்க் குழாய்க்காக அரசாங்கத்துக்கு மனு எழுதுகிறார். விசுவாசம் குறைந்துவிட்டது என்று நாம் கருதவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எத்தனை குழிகளின் ஓரம் நின்றார் என்பதுதான் கணக்கு. அவற்றுள் ஒன்று அவருடைய உதவிக்குரு வில்லியம் வெயிட்மனுடையது. பங்கு மக்களெல்லாம் விரும்பிய 28 வயது இளைஞர். நோயாளிகளைச் சந்திக்கப் போய்க் காலரா தொற்றி 1842 செப்டம்பரில் மரித்தார். தகப்பனும் மகனும் போல் இருந்தோம் என்ற பொருள்படக் கிழவர் இரங்கலுரை ஆற்றினார்.

பிறகு அவருடைய சொந்த வீட்டின் முறை. 1848 செப்டம்பரில் ஒரே மகன் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன். எட்டு மாதங்களில் மூன்று பிள்ளைகள். இவர்களை ஹாவர்த்தின் தண்ணீர் கொன்றது என்று சொல்லிவிடுவது எளிது. சிலர் சொல்லவும் செய்கிறார்கள். அது சரியன்று. எமிலியையும் ஆனையும் கொண்டுபோனது காசநோய். ஆயினும் காலத்தைக் கவனியுங்கள். ஆன் மரித்தது மே 28. அதே ஆண்டு ஆகஸ்டு முடிவதற்குள், 72 வயதான தந்தை தம் பங்கு மக்களின் கையொப்பங்களைத் திரட்டி, இலண்டனிலிருந்த பொதுச் சுகாதார வாரியத்துக்கு ஹாவர்த்தின் தண்ணீர், சாக்கடை நிலையை ஆராய ஓர் அதிகாரியை அனுப்புங்கள் என்று மனு அனுப்புகிறார். 1848-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஆய்வு நடத்த வழி செய்திருந்தது. அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

அதிகாரி 1850 ஏப்ரலில் வந்தார். பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் என்னும் பொறியாளர். கணக்கிடும் இயந்திரத்தை வகுத்த சார்லஸ் பாபேஜின் மகன். வீடு வீடாக, கிணறு கிணறாக நடந்து பார்த்தார். ஊரில் பாதாளச் சாக்கடை என்று ஒன்றில்லை. கழிவு தெருவோர வாய்க்காலில் ஓடியது. ஊருக்கெல்லாம் கழிப்பிடங்கள் 69. ஓரிடத்தில் 24 வீடுகளுக்கு ஒரே கழிப்பிடம். எருக்குவியல்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே கிடந்தன. கைப்பம்புகள் 11 இருந்தும் ஒன்பதே வேலை செய்தன. ஊற்றொன்றில் கோடையில் நீர் குறைந்து, பச்சையாகி, மாடும் வாய்வைக்காது. சலவைக்கு நீர் பிடிக்கத் திங்கட்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கே பெண்கள் குடத்துடன் போய் நிற்க வேண்டும். குருமனையில் சொந்தக் கிணறு இருந்தது. ஆனால் 1847-ல் அதைத் தூர்வாரியபோது துருப்பிடித்து மக்கிய எட்டுத் தகர டப்பாக்கள் வெளியே வந்தன.

இறப்புக் கணக்கையும் பாபேஜ் எடுத்தார். ஹாவர்த்தில் இறந்தோரின் சராசரி வயது 25.8. பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 41.6 பேர் ஆறு வயது நிறைவதற்கு முன் இறந்தார்கள். மலைக்காற்று வீசும் சிற்றூர், இலண்டனின் மிக நெருக்கடியான சேரிகளுக்கு நிகராக நின்றது. சராசரி 25 என்றால் எல்லாரும் இருபத்தைந்தில் இறந்தார்கள் என்று பொருளல்ல. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள் அறுபதும் எழுபதும் கண்டார்கள். தொட்டில்கள் காலியானதால்தான் சராசரி அவ்வளவு இறங்கியது.

கல்லறைத் தோட்டமோ கோவிலையும் குருமனையையும் சூழ்ந்து ஊரின் மேல்முனையில் இருந்தது. முந்தைய பத்தாண்டுகளில் மட்டும் அங்கே 1,344 அடக்கங்கள். அவ்வூர் வழக்கப்படி கல்லறைமேல் பெரிய கற்பலகையைப் படுக்கையாக வைத்து மூடுவார்கள். காற்றும் புல்லும் புகாததால் உடல்கள் மண்ணோடு மண்ணாவதற்கும் தடை. இப்படிப் பலகை போடுவதை நிறுத்தவேண்டும், தோட்டத்தையே மூடவேண்டும் என்று பாபேஜ் எழுதினார். அக்கற்களின்மேல் ஊர்ப் பெண்கள் துவைத்த துணிகளைக் காயவைப்பார்கள். அதைத் தடுத்தவர் 1845-ல் வந்த உதவிக்குரு ஆர்தர் பெல் நிக்கல்ஸ். பின்னாளில் சார்லட்டை மணந்தவர். அதற்காகப் பெண்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். வேறெங்கே காயப்போடுவது என்று அவர்கள் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திராது என்பது நம் எண்ணம்.

நோயைக் கிருமிகள் பரப்புகின்றன என்று அன்று மருத்துவ உலகமே அறியாது. கெட்ட நாற்றக் காற்றால்தான் நோய் என்று நம்பினார்கள். காலரா தண்ணீர் வழி பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இலண்டனில் ஒரு பம்பைச் சுட்டிக்காட்டியதே 1854-ல்தான். காரணம் முழுதும் தெரியாமலேயே ஹாவர்த்தின் கிழக்குரு சரியான இடத்தைத் தட்டினார்.

அறிக்கை வந்துவிட்டது, குழாயும் வந்துவிட்டது என்றால் நமக்கும் எழுத இன்பமாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. குழாய் போடும் செலவு வரியாக வசூலிக்கப்படும். தங்கள் வீட்டில் நல்ல கிணறு வைத்திருந்த வசதியானவர்கள், ஊராருக்காக நாங்கள் ஏன் கட்டவேண்டும் என்று எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களும் கோவிலில் இருக்கை வைத்திருந்தவர்களே. பாபேஜ் வரத் தாமதமானபோதே வாரியத்துக்கு நினைவூட்டி எழுதிய குரு, அறிக்கைக்குப் பிறகும் ஒன்றும் நடவாததைக் கண்டு 1851-ல் மீண்டும் எழுதினார். உள்ளூர்ச் சுகாதார வாரியம் அமைந்தது, கூடியது, கலைந்தது. 1850-களின் பிற்பகுதியில்தான் நீர்த்தேக்கம் கட்டப்பட்டு ஊருக்குத் தண்ணீர் வந்தது. மனு எழுதியதற்கும் தண்ணீர் வந்ததற்கும் இடையே பிறந்து இறந்த பிள்ளைகளின் பெயர்களும் அதே பதிவேட்டில்தான் இருக்கின்றன.

அதற்குள் சார்லட்டும் 1855 மார்ச் 31 அன்று, திருமணமாகி ஓராண்டு நிறைவதற்கு முன்பே, 38 வயதில் மரித்திருந்தார். ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்த தந்தை மருமகனோடு அதே வீட்டில் வாழ்ந்து 1861 சூன் 7 அன்று 84-ம் வயதில் கண்மூடினார். அடக்க நாளில் ஊர்க் கடைகள் மூடப்பட்டன. கல்லறைத் தோட்டம் ஏற்கெனவே சட்டப்படி மூடப்பட்டிருந்தபடியால், கோவிலுக்குள் குடும்பக் கல்லறையில் அவரை வைக்க அரசின் தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1864-ல் கல்லறைத் தோட்டத்தில் மரங்கள் நட்டார்கள். 1867-ல் ஆலை முதலாளிகளின் முயற்சியால் பள்ளத்தாக்கில் இரயில் வந்தது. அடுத்த குருவானவர் ஜான் வேட் காலத்தில், 1879 முதல் 1881 வரை, கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கோவிலை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பிராண்டே காலத்துக் கோவிலை இடிப்பதா என்று வெளியூர் இலக்கிய அன்பர்கள் கூக்குரலிட்டார்கள். ஈரச்சுவரோடு அங்கே ஞாயிறுதோறும் உட்கார வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

ஆலைகள் இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. இரயில் பாதையை 1962-ல் அரசாங்கம் மூடியது. ஆர்வலர்கள் சேர்ந்து அதை வாங்கி 1968-ல் மீண்டும் நீராவி வண்டி ஓட்டத் தொடங்கினார்கள். பழைய ஈபர் ஆலை 2010-ல் தீக்கிரையானது. கம்பளி சீவிய வீடுகளில் இப்போது தேநீர்க் கடைகளும் புத்தகக் கடைகளும்.

குருமனை நினைவகமானது 1928-ல். அதை வாங்கிக் கொடுத்தவர் சர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ். 1848-ல் அவ்வட்டாரத்தில் பிறந்து, சிறுவனாக அரைநாள் பள்ளி, அரைநாள் ஆலை என்று வேலைக்குப் போய், பின்னாளில் சால்ட்டேர் என்னுமிடத்துப் பெரிய கம்பளி ஆலைக்கே உரிமையாளரானவர். கிழக்குருவைத் தம் சிறுவயதில் பார்த்த நினைவு அவருக்கு இருந்தது. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் அவரும் ஒருவர். நினைவகத்துக்கு வருவோர் பின்பக்க வழியாக மேட்டு நிலத்துக்கு நடக்கும்போது, மரங்களின் கீழ் அந்தப் படுக்கைக் கற்பலகைகளைக் கடந்தே போகிறார்கள். ஒரே பலகையில் நான்கைந்து பிள்ளைகளின் பெயரும் வயதும், மாதக் கணக்கில், வரிசையாகப் பொறித்திருக்கும்.